புதுப்பிப்பு: சி டிரைவைப் பிரித்தாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: புது லேப்டாப், விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி மொத்தமும் ஒரே சி டிரைவ். 400 ஜிபி காலியாக இருந்தும், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம் (டிரைவைச் சுருக்கும் வசதி) கொடுத்தால் 30 ஜிபிகூடக் குறைக்க முடியவில்லை, என்ன செய்வது என்று. நேற்று இரவு வேலை முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னது சரிதான், நகர்த்த முடியாத கோப்புகள்தான் காரணம். பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேட் கோப்பு (ஹைபர்னேட் செய்யும்போது வேலையைச் சேமித்து வைப்பது), சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுபவை) எங்கே உட்கார்ந்திருக்கின்றனவோ, அந்த இடத்தைத் தாண்டி விண்டோஸால் சுருக்க முடியாது. மூன்றையும் நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் அழிந்துவிடும். புது மெஷின் என்பதால் எனக்குக் கவலையில்லை. அப்புறம் தாராளமாக இடம் காட்டியது. அளவை எம்பியில் கேட்கும். 200 ஜிபிக்கு 204800 கொடுத்தேன். காலியான இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்), டி என்ற எழுத்து, அவ்வளவுதான். பிறகு மூன்றையும் மறுபடி இயக்கிவிட்டேன்.

பக்கத்தில் தெரியும் இஎஃப்ஐ (விண்டோஸ் தொடங்கத் தேவையானது), ரெக்கவரி (விண்டோஸை மீட்க உதவுவது) என்ற சின்னப் பகுதிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பல புது லேப்டாப்களில் குறியாக்கம் நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும்.

டி டிரைவில் போட்டால் படங்கள் பத்திரமா என்று ஒருவர் கேட்டிருந்தார். விண்டோஸ் கெட்டுப்போனால் தப்பிக்கும், எஸ்எஸ்டியே போனால் இரண்டும் போய்விடும். குழந்தையின் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் போட்டு வைத்திருக்கிறேன்.