சிக்னல்ல நியூட்ரலா, டிரைவா? (ஐந்து லட்சத்துக்குள் பழைய ஆட்டோமேட்டிக்)

எண்ணெய்க்கறை
நேத்து ஒருத்தர் கேட்டிருந்தார்: ஐந்து லட்சத்துக்குள்ள பழைய ஆட்டோமேட்டிக் வேணும், அம்மாவுக்கு மூட்டுவலி, தினமும் கடலூர்–பாண்டி ஓட்டம். அதுக்கு கெடிலக்கரை கொடுத்த அருள்வாக்கு: "ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே மாத்திக்கிற மேனுவல் கியர்பாக்ஸ்) எடுங்க. சிக்னல்ல நின்னதும் நியூட்ரல் போடுங்க. கிளட்ச் தேயவே தேயாது." கீழே லைக் வேற குவியுது.

ஐயா, ஏஎம்டியில டிரைவ்ல வச்சு பிரேக்கை அழுத்தி நின்னா கிளட்ச் ஏற்கனவே முழுசா திறந்துதான் இருக்கு. திறந்திருக்கிற கிளட்ச் எதோட உரசித் தேயும்? தேயறது நிக்கிறப்ப இல்ல, ஊர்றப்ப. அரியாங்குப்பத்து நெரிசல்ல பிரேக்கை லேசா விட்டு விட்டு நகர்த்துறீங்களே, அப்ப. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்து ஏத்தத்துல பிரேக் மிதிக்காம ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்தி வைக்கிறீங்களே, அப்ப. தகடு பாதி பிடிச்சு பாதி வழுக்கும், கருகல் வாடை வரும். அதுக்கு நியூட்ரல் என்ன பண்ணும்?

கெடிலக்கரை
வந்துட்டார் வாத்தியார். கிளட்ச் திறந்திருக்குன்னு சொல்றீங்க, சரி. அதைத் திறந்து வச்சிருக்கிறது யாரு? உங்க தாத்தாவா? ஆக்சுவேட்டர் (காலுக்குப் பதிலா கிளட்சை அமுக்குற சாமான்) ஹைட்ராலிக் அழுத்தத்துல கிளட்சோட டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த ஸ்பிரிங்கை அமுக்குற ரிலீஸ் பேரிங் மேல முழு லோடு. நியூட்ரல் போட்டா கிளட்ச் மூடிக்கும், பேரிங்குக்கு ஓய்வு. மேனுவல் வண்டியில சிக்னல் முழுக்க கிளட்ச் பெடலை மிதிச்சுக்கிட்டு நின்னா எந்த மெக்கானிக்கும் திட்டுவான். ஏஎம்டிங்கிறது மேனுவல் கியர்பாக்ஸ்தானே? அப்போ அதே விதிதான்.

எண்ணெய்க்கறை
நீங்க எழுதினது "கிளட்ச் தேயாது". இப்ப பேரிங்குக்குத் தாவிட்டீங்க. கிளட்ச் தேயுமா தேயாதா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மூணாவது_பெடல்
இந்தக் கூத்துக்குத்தான் ஏஎம்டியையே ஆட்டோமேட்டிக்னு கூப்பிடக் கூடாதுங்கிறது. மூட்டுவலிக்காரங்க கியர் மாறும்போதெல்லாம் முன்னாடி தலையாட்டிக்கிட்டு உக்காரணுமா? டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா விசை போற ஆட்டோமேட்டிக்) பாருங்க. 2013ல வந்த முதல் அமேஸ் பெட்ரோல், பிரியோ ரெண்டுலயும் ஹோண்டாவோட ஐந்து கியர் பெட்டி. கிராண்ட் ஐ10 பெட்ரோல்ல நாலு கியர். மைலேஜ் குறையும்தான். ஆனா டிரைவ்ல பிரேக் மிதிச்சு எவ்வளவு நேரம் நின்னாலும் நடுவுல இருக்கிறது எண்ணெய், தகடு இல்ல. நியூட்ரல் பேச்சே வேணாம்.

ஸ்டீல்பெல்ட்
ஜாஸ், பலேனோ சிவிடியை (கியர் படி இல்லாம பெல்ட்டும் கப்பியுமா ஓடற ஆட்டோமேட்டிக்) ஏன் யாருமே சொல்லல? ஊர்ல இருக்கிறதுலயே குலுக்கல் இல்லாத வண்டி அதான்.

கெடிலக்கரை
ரப்பர் பெல்ட்டை நம்பி ஐந்து லட்சம் போடச் சொல்றீங்களா? சூப்பர்.

ஸ்டீல்பெல்ட்
என் பேரையாவது படிச்சிட்டு வாங்க சார். உள்ளே இருக்கிறது நூத்துக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட். கப்பியை இழுக்காது, தள்ளும். "ரப்பர் பேண்ட்"னு சொல்றது இன்ஜின் சத்தம் முன்னாடி ஏறி வண்டி பின்னாடி வர்ற உணர்வை. சாமானைச் சொல்லல.

எண்ணெய்க்கறை
ஸ்டீல்பெல்ட் சொன்னது சரி, ஆனா பாதி. சிவிடியைக் கொல்றது பெல்ட் இல்ல, எண்ணெய். 2014க்குப் பிறகு வந்த ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2ங்கிற எண்ணெய் மட்டும்தான். தெருமுனைக் கடையில "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சாதாரண சிவப்பு ஏடிஎஃப்பை (மத்த ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெய்) ஊத்தினா பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவுல பிடிப்பு போயிடும். வழுக்கி வழுக்கி கப்பி முகத்துல கோடு விழும். அதுக்கப்புறம் ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது, பெட்டியையே மாத்தணும். நாப்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை எண்ணெய் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா வேற வண்டி பாருங்க.

ஓட்டிப் பார்க்கும்போது இருபதுல இருந்து நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள்ள ஆக்சிலேட்டரை மெதுவா, ஒரே அளவா வச்சுக்கிட்டுப் போங்க. மெல்லிசா ஒரு உதறல் வந்தா அது ரோடு இல்ல. அறுபதுக்கு மேல வேகத்தோட கூடவே ஏறுற ஊளைச் சத்தம் கேட்டா பேரிங். கடைக்காரன் பாட்டு போட்டான்னா முதல்ல பாட்டை நிறுத்துங்க.

அது கிடக்கட்டும். கெடிலக்கரை, கிளட்ச் தேயுமா தேயாதா?

சின்னவாய்க்கால்
அண்ணே, அம்மாவுக்கு ஏறி இறங்கன்னு கேட்டாரே, அதுக்கு எது நல்லது?

கெடிலக்கரை
தம்பி, வேகன் ஆர். சீட் நம்ம இடுப்பு உயரத்துக்கு வருது. குனியவும் வேணாம், தாவி ஏறவும் வேணாம், திரும்பி உக்காந்து காலை உள்ளே எடுத்தாப் போதும். மூணாவது பெடல் சொன்ன பிரியோல உக்காந்தா தரையில பாய் போட்டு உக்காந்த மாதிரி, எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். ஏஎம்டி, உயரமான சீட், நியூட்ரல். முடிஞ்சுது விஷயம்.

எண்ணெய்க்கறைக்கு: நியூட்ரல் போட்டா எந்தச் சாமானுக்கும் கெடுதல் இல்ல. போடாட்டி பேரிங்குக்குக் கெடுதல். அப்போ போடறதுதானே புத்தி?

எண்ணெய்க்கறை
கெடுதல் இல்லையா? நியூட்ரல்ல இருந்து டிரைவுக்குத் தட்டுற ஒவ்வொரு தடவையும் ஆக்சுவேட்டர் கிளட்சைத் திறக்கணும், முதல் கியரைக் கோக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல்? அத்தனை தடவை பவர் பேக் (ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் தர்ற பம்ப் பெட்டி) மோட்டார் அழுத்தம் ஏத்தணும். உங்க ஏஎம்டியில முதல்ல சாகறது கிளட்சே இல்ல, அந்த பவர் பேக்தான். பேரிங்கைக் காப்பாத்தப் போய் அதைவிட விலை கூடின சாமானைத் தேய்க்கிறீங்க. நான் சொல்றது இதுதான்: அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னா டிரைவ்லயே பிரேக்கை நல்லா அழுத்தி நில்லுங்க. ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டா நியூட்ரல், ஹேண்ட்பிரேக்.

பழைய மாருதி ஏஎம்டி பார்க்கப் போறவங்களுக்கு ஒண்ணு. இன்ஜின் அணைஞ்சு வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்ன பிறகு டிரைவர் கதவைத் திறங்க. உள்ளேருந்து "உய்ங்"னு சில விநாடி பம்ப் சத்தம் வரும். வந்தா பயப்படாதீங்க, அழுத்தத்தைத் தயார் பண்ணுது. பிறகு சாவியை மட்டும் ஆன் பண்ணி, இன்ஜின் போடாம, பிரேக் மிதிச்சுக்கிட்டு நியூட்ரல், டிரைவ், நியூட்ரல், ரிவர்ஸ்னு நிதானமா மாத்துங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கும் பம்ப் ஓடி அலறுச்சுன்னா அக்குமுலேட்டர் அழுத்தத்தைத் தேக்கி வைக்கலன்னு அர்த்தம். பேரத்துல அதைக் கழிங்க, இல்ல கிளம்பிடுங்க.

கிளட்ச் புதுசா போட்டிருக்குன்னு சொன்னா, ஸ்கேனர் மாட்டி "கிளட்ச் லேர்னிங்" பண்ணாங்களான்னு கேளுங்க. தகடு மாத்தினா அது பிடிக்க ஆரம்பிக்கிற இடமும் மாறும். கம்ப்யூட்டருக்குப் பழைய இடம்தான் ஞாபகம் இருக்கும். லேர்னிங் பண்ணாம விட்டா புது கிளட்சும் உதறும், முதலாளி "ஏஎம்டின்னா இப்படித்தான் சார்"ன்னு சமாளிப்பார்.

மூணாவது_பெடல்
ஒரு கார் வாங்க இவ்வளவு காது கொடுத்துக் கேக்கணுமா? டார்க் கன்வெர்ட்டர். அவ்வளவுதான்.

எண்ணெய்க்கறை
ஓ, அதுக்குக் காது வேணாமா? காலையில குளிர்ந்த இன்ஜின்ல ரிவர்ஸ் போட்டா ஒரு விநாடிக்குள்ள பிடிக்கணும். ரெண்டு விநாடி யோசிச்சு "டொக்"னு இடிச்சா உள்ளே அழுத்தம் இல்ல. டிப்ஸ்டிக் இருந்தா உருவி வெள்ளைத் துணியில ஒரு சொட்டு வையுங்க. சிவப்பு நல்லது, பழுப்பு பரவாயில்ல, கருப்பாகி எரிஞ்ச வாடை அடிச்சா வணக்கம் போட்டுட்டு வாங்க. ரோஸ் மில்க் மாதிரி வந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துடுச்சு. கடலோர வண்டியில ரேடியேட்டரை நம்பாதீங்க.

ஹோண்டாவுல வடிகால் போல்ட்டுல காந்தம் இருக்கும். கழட்டினா நுனியில சாம்பல் நிறத்துல கூழ் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது இயல்பு. விரல்ல தேய்க்கும்போது முள்ளு மாதிரி துகள் குத்தினா இயல்பு இல்ல. ஒருதடவை வடிச்சா பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டருக்குள்ள நிக்கும். அதனால வடிச்சு, ஊத்தி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி, மொத்தம் மூணு தடவை. "ஃபுல்லா மாத்திட்டோம்"னு ஒரு தடவைக்கான பில்லை நீட்டுவாங்க.

மூணாவது_பெடல்
எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம். ஹோண்டா ஐந்து கியர் பெட்டியில மத்த டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகள்ல இருக்கிற பிளானட்டரி கியர் செட்டே கிடையாது, மேனுவல் மாதிரி இணை ஷாஃப்ட்னு தெரியுமா உங்களுக்கு?

எண்ணெய்க்கறை
தெரியும். அதுக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?

முள்ளோடை_எல்லை
நியூட்ரல் சண்டை முடியாது. பேப்பர் பக்கம் யாராவது பார்த்தீங்களா? கேட்டவர் கடலூர்க்காரர். பி.ஒய். 01, அதாவது பாண்டிப் பதிவு வண்டி சல்லிசா கிடைக்குதேன்னு எடுப்பார். பேர் மாத்த படிவம் 29, 30. மாநிலம் மாத்த அங்கேருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), படிவம் 28. லோன் இருந்திருந்தா வங்கி கையெழுத்துப் போட்ட படிவம் 35. அப்புறம் இங்கே ஆயுள் வரி தனியா கட்டி கடலூரோட டி.என். 31 எண் வாங்கணும். பன்னிரண்டு மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வச்சு ஓட்டினா மறுபதிவு கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு. பாண்டியில மிச்சம் பிடிச்ச காசு கடலூர் எல்லையில ஆல்பேட்டை தாண்டினதும் கரையும்.

கெடிலக்கரை
பாண்டிக்காரங்க வரி கம்மின்னு எடுத்து, அஞ்சு வருஷம் ஓட்டிட்டு நம்ம தலையில கட்டுறாங்க. இதுல எண்ணெய்க்கறைக்கு எங்க ஊருக்கே பாடம் நடத்தற ஆசை.

எண்ணெய்க்கறை
வண்டியைப் பத்திப் பேசினா ஊரை இழுக்கிறீங்க. பெட்ரோல் போட மட்டும் பாண்டி எல்லை முள்ளோடை தாண்டி வருவீங்க இல்ல?

ஊர் பேசினதால சொல்றேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல கடலூர்ல முங்கின வண்டி இன்னும் சந்தையில சுத்துது. 2024ல ஃபெஞ்சல் புயலுக்குப் பாண்டியில முங்கினது, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணையில தண்ணி வந்தப்ப முங்கினது எல்லாம் இப்ப பளபளன்னு பாலிஷ் போட்டு நிக்குது. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க. சுருள் உள்ளே இருக்கிற கடைசி ஒரு அடியில சேத்துக் கோடு இருந்தா முங்கினது. முன் சீட் தண்டவாள போல்ட் துரு, ஸ்டெப்னி கிடக்கிற பள்ளத்து மூலையில வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருக்கறது. ஆட்டோமேட்டிக்ல இது மேனுவலைவிட மோசம். கியர் மாத்தறதே கம்ப்யூட்டர், ஒரு பின் அரிச்சாலே நடுரோட்டுல நியூட்ரலுக்குப் போயிடும். அப்ப கெடிலக்கரைக்குச் சந்தோஷமா இருக்கும், கிளட்ச் தேயாதே.

கெடிலக்கரை
நக்கலுக்குக் குறைச்சல் இல்ல. டிரைவ்ல நிக்கலாம்னு எந்தக் கம்பெனி கையேட்டுல எழுதியிருக்கு? பக்கத்தைப் போடுங்க.

எண்ணெய்க்கறை
நியூட்ரல் போட்டா கிளட்ச் தேயாதுன்னு எழுதியிருக்கிற பக்கத்தை நீங்க முதல்ல போடுங்க.

ஸ்டீல்பெல்ட்
சான்ட்ரோ ஏஎம்டியில ஹைட்ராலிக்கே இல்ல, மின் மோட்டார்தான் கிளட்சைத் திறக்குது. அக்குமுலேட்டர் கதை அதுக்குப் பொருந்தாது. ரெண்டு பேருமே எல்லா ஏஎம்டியும் ஒண்ணுன்னு நினைச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்க.

கெடிலக்கரை
ரப்பர் பெல்ட் ஆளு இதுல தலையிட வேணாம்.

ஸ்டீல்பெல்ட்
எஃகு.

சின்னவாய்க்கால்
அண்ணே, லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பார்க்கணும்னா எதைப் பார்க்கணும்? உப்புக் காத்து அரிக்கும்னு சொல்றாங்களே?

எண்ணெய்க்கறை
முன் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற கிராஸ் மெம்பர், பிரேக் பைப் போற கிளிப் ஒவ்வொண்ணும், கதவுக்குக் கீழே படி மடிப்பு. புதுசா கருப்பு அண்டர்கோட் அடிச்சிருந்தா ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. "டங்"னா தகடு, "தொப்"புன்னா உள்ளே பொருக்கு. தாழங்குடா, வீராம்பட்டினம் பக்கம் திறந்தவெளியில நின்ன வண்டின்னா ஏசி கண்டென்சர் இதழைத் தடவிப் பாருங்க, மாவு மாதிரி உதிரும். ஏஎம்டின்னா ஆக்சுவேட்டர் மாட்டியிருக்கிற இடத்துல எண்ணெய் ஈரம் இருக்கான்னும் பாருங்க.

கெடிலக்கரை
பக்கம் எங்கே?

எண்ணெய்க்கறை
தேயுமா தேயாதா?

முள்ளோடை_எல்லை
ஸ்மார்ட் கார்டு ஆர்சி தொலைஞ்சா படிவம் 26. யாரும் கேக்கல, சொல்லி வைக்கிறேன்.

கெடிலக்கரை
நான் ஓட்டற வண்டியில நியூட்ரல்தான் போடுவேன். உங்க பேச்சைக் கேட்டு பேரிங் அலற ஆரம்பிச்சா பில்லை இங்கேயே போடச் சொல்றேன் எல்லாரையும்.

எண்ணெய்க்கறை
போடச் சொல்லுங்க. பவர் பேக் பில்லையும் பக்கத்துலயே ஒட்டச் சொல்லுங்க, எது நீளம்னு பார்ப்போம்.

மூணாவது_பெடல்
டார்க் கன்வெர்ட்டர்.