தாத்தாவின் தச்சுப் பட்டறை: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பொருநைக்கரை

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பாகம் பிரித்த பிறகு முன்பக்கத்தை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. வாசல் நிலை மட்டும் உடையாமல் வர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். 1961ல் தாத்தா தன் கையால் செய்தது. செங்கோட்டையில் தேக்கு எடுத்ததாகவும், லாரி வாடகைக்கு ஆச்சியின் தோடு போனதாகவும் சொல்வார்கள். உள்ளூரில் கேட்டவர்கள் எல்லாம் ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுக்கணும் என்று கைவிரித்துவிட்டார்கள். எதிர்த் தெருவில் மாடுலர் கிச்சன் வேலைக்கு வந்திருந்த ராஜஸ்தான் தச்சர் ஒருவரைக் கொத்தனார் கூட்டி வந்தார். இருபத்தைந்து வயது கூட இருக்காது.

நிலையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஓர் இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மர ஆணி. கதவை அது சுழலும் முளையான குடுமியோடு தூக்கி எடுத்து ஓரமாகச் சாய்த்தார். பின்பக்கமிருந்து மர ஆணியைத் தட்டி வெளியே தள்ளினார். மேல்கட்டை லேசாக அசைந்து, துளைக்குள் செருகியிருந்த முனையான கழுந்து வெளியே வந்தபோது, அதன் பக்கவாட்டில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள். துளையின் ஓரத்திலும் அதே மூன்று. அடுத்த மூலையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அவருக்குத் தமிழ் ஓர் எழுத்து தெரியாது. அந்த வெட்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. விரலை மடக்கி எண்ணி, அடுத்து எந்த மூலை, அதற்கடுத்து எது என்று வரிசை சொல்லிவிட்டார். அவருடைய தாத்தாவும் இப்படித்தான் வெட்டி வைப்பாராம்.

நான் அந்த வாசலில் வளர்ந்தவன். அறுபது வருஷம் மரத்துக்குள் மறைந்திருந்த தாத்தாவின் குறிப்பை எங்கிருந்தோ வந்த ஒருவர் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார். எனக்கு அது வெறும் கீறல். சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த வெட்டுக் குறிகள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்

எங்களுடையது வண்டிப் பட்டறை. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காங்கயம் பக்கத்தில் பேர் போன ஆள். சக்கரம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடுவில் குடம், அதில் செருகிய 12 ஆரக்கால், சுற்றிலும் விளிம்பாகச் சேரும் 6 வட்டைக் கட்டை. அப்புறம் அதன் மேல் இரும்புப் பட்டா போடும் நாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் அடித்திருப்பார்கள். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்பு சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். வட்டை பற்றிக்கொள்ளும். புகை கண்ணைக் கரிக்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற இரும்பு சுருங்கி, ஆரக்கால் எல்லாம் குடத்துக்குள் இறுகும். அப்போது மரம் நெரிபடும் சத்தம் வரும். அந்த நேரத்தில் அப்புச்சி யாரையும் பேச விடமாட்டார்.

டயர் வண்டி வந்து பட்டறை படுத்துவிட்ட காலம். ஒருவர் ஒரு ஜோடி சக்கரம் வேண்டும் என்று வந்தார். பட்டா போட்டு முடித்தாயிற்று. அப்புச்சி கொட்டாப்புளியை எடுத்து ஒவ்வொரு ஆரக்காலாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்றில் சத்தம் மந்தமாக வந்தது. "இது இறுகிப் புடிக்கலை" என்றார். எங்கள் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். திரும்பப் பட்டாவைக் காய்ச்சிக் கழற்ற வேண்டும் என்றதும் வந்தவர் பதறிப்போய், "ஐயா, இது ஓட்டல் வாசல்ல அழகுக்கு நிறுத்தத்தான், வண்டியில மாட்ட மாட்டோம்" என்றார். அப்புச்சி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பதில் சொல்லவில்லை. தன் செலவில் வரட்டி வாங்கிவரச் சொல்லி, பட்டாவைக் கழற்றி, அந்த ஆரக்காலை மாற்றி, மறுபடி போட்டுத்தான் கொடுத்தார்.

உருளவே போகாத சக்கரத்துக்கு ஏன் அவ்வளவு? நான் கேட்கவில்லை, அவர் இப்போது இல்லை. மாமா பையன்கள் இரண்டு பேரும் கார் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தராவது உளி பிடித்திருக்கலாம். நம் தலைமுறை செய்தது துரோகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெருகு

என் தாத்தா காரைக்குடியில் அரக்கு பாலீஷ் போடுபவர். வேலை முடிந்ததும் அகல்விளக்கைக் கதவருகே பிடிப்பார். சுடர் கதவுக்குள் பிசிறில்லாமல் தெரிந்தால்தான் கூலி கேட்பார். அந்தச் சுடரை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் கதை.

பொருநைக்கரை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலையைக் கழற்றியாகிவிட்டது, நல்லது. இனிமேல்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். முதலில் அதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், கோணிவிடும். தரையிலிருந்து சட்டம் கொடுத்து உயர்த்தி, படுக்கவைத்து, காற்றோட்டம் விட்டு அடுக்குங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே வேர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். மேலே பழைய பெயின்ட் இருந்தால் மெஷின் வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும், தூசி மூச்சில் போகும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. ரிமூவர் போட்டு ஊறவைத்து மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். அப்புறம் லின்சீட் ஆயிலில் டர்பன்டைன் கலந்து துணியால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

தாத்தாவின் உளி, இழைப்புளி கைவசம் இருப்பவர்கள் துருவை மண்ணெண்ணெய் தொட்ட உப்புத்தாளால் எடுங்கள். மின்சாரச் சாணையில் கொடுத்து நீலம் பாய விட்டால் இரும்பின் பதம் போய்விடும், அப்புறம் அந்த உளி முனை நிற்காது. யாராவது வந்து நிலைக்கு விலை பேசினால் அவசரப்படாதீர்கள். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் எந்த விலைக்குக் கைமாறுகின்றன என்று புரியும்.

கோப்பாய்க்காரி

1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு. அது தெரிந்தவர்களுக்கு நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அம்மப்பா மரம் இழைக்கிற சீவுளியையும் ரெண்டு உளியையும் சாரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வாள், மேசை, அடுக்கி வைத்திருந்த முதிரைப் பலகை எல்லாம் பட்டறையோடு விட்டது விட்டதுதான். அடுத்த வருஷம் திரும்பிப் போனபோது சுவர் நின்றது. கூரையில் தீராந்தி மரமும் இல்லை, சிலாகைச் சட்டமும் இல்லை. யன்னல், கதவு ஒன்றும் இல்லை.

2003ல் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வரும் வழியில் அம்மப்பாவுக்குத் தண்ணி விடாய்த்தது. தெரியாத ஒரு வீட்டில் கேட்டோம். அவை தாங்களும் இடம்பெயர்ந்து வந்து அங்கே குடியிருந்த ஆக்கள். அந்தப் பெண் தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், அம்மப்பா வாசல் கதவில் கை வைத்தார். முதிரைக் கதவு. கீழ்ப்பக்கம் கணு விழுந்த இடத்தில் வேப்பம் பலகையை வெற்றிலை வடிவாக வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டை நான் சின்னதில் விரலால் தடவி விளையாடி இருக்கிறேன். எனக்கு நெஞ்சு அடித்தது.

"நல்ல பலமான கதவு பிள்ளை" என்றார் அம்மப்பா. "ஓம் ஐயா, காசு குடுத்து வாங்கினது" என்று அவ சொன்னா. அம்மப்பா தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "மேல் பிணைச்சல் இறங்குது, ஆணியை இறுக்கி விடுங்கோ, இல்லாட்டி மாரிக்கு நிலத்தில உராயும்" என்று மட்டும் சொன்னார். வழி நெடுக ஒரு கதையும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் வீட்டில் கேட்டதற்கு, "அவைக்கும் கதவு வேணும்தானே" என்றார். அது சரியான பதில்தானா என்று கனடாவில் இருந்துகொண்டு இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மூன்றாம் தலைமுறை

நொய்யல், 'துரோகம்' என்ற வார்த்தை என்னை உறுத்துகிறது. உங்கள் அப்புச்சியின் நேர்மையை வணங்குகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தாவும் தச்சர்தான். அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில்தான், 1953ல், அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று அன்றைய ராஜாஜி அரசு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. மறுவருஷம் காமராஜர் முதல்வராக வந்ததும் அது போயிற்று. தாத்தா அரசியல் பேசுகிறவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் அப்பாவைப் பட்டறைப் பக்கமே அண்டவிடவில்லை. ஒருநாள் அப்பா ஆசையாக உளியைத் தொட்டதற்குப் புறங்கையில் அடி விழுந்தது. எங்கள் வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே மரச்சாமான், அப்பா எழுதுவதற்குத் தாத்தா செய்த சாய்வு மேசை. மற்றதெல்லாம் கால் ஆடும். ஊருக்கெல்லாம் கட்டில் செய்தவர் பாயில்தான் படுத்தார். அப்பா ஆசிரியரானார், நான் இன்ஜினியர். தாத்தா தெரிந்துதான் சங்கிலியை அறுத்தார். அவர் நமக்குச் செய்து கொடுத்த பொருளிலேயே பெரிய பொருள் அது என்று நான் நினைக்கிறேன். பேரன் உளி பிடிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது அந்த மனிதர்களின் முடிவை அவமதிப்பது.

என்னை விடாத காட்சி வேறு. ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஒருநாள் கடைக்குப் போய் ஓர் உளி வாங்கி வந்தார். மொட்டை மாடியில் உட்கார்ந்து, அதைச் சாணைக்கல்லில் எந்தப் பக்கம் தேய்ப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கும் தெரியாது.

நொய்யல்

மூன்றாம் தலைமுறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன். ஆனால் பிறப்பால் வந்து விழுவது வேறு, ஆசைப்பட்டுக் கற்பது வேறு. இப்போது கைவினைத் தொழில் செய்பவர்களுக்கான தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 35 வயது நிரம்பியவர்களுக்குத்தான் என்று வைத்திருக்கிறார்கள். படிப்பைக் கெடுக்காத வழி அது. உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் இன்று ஆள் இல்லை. என் ஆற்றாமை அதுதான்.

நெல்லைப் பேத்தி

எல்லோர் கதையிலும் தாத்தா வேலை செய்கிறார். ஆச்சியின் தோடு போனது என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி.

எங்கள் பட்டறையில் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சியது ஆச்சிதான். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் சின்னச் சட்டியை வைத்துக் காய்ச்ச வேண்டும். நேரே தீயில் வைத்தால் கருகி ஒட்டும் சக்தி போய்விடும். அந்த நாற்றத்தில் நாங்கள் தெருவுக்கு ஓடிவிடுவோம். ஆச்சி கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு சொட்டுத் தொட்டு விரித்துப் பார்ப்பாள். நூல் இழுபட்டு அறுந்தால் இன்னும் காயணும், அறுபடாமல் நின்றால்தான் "எடுத்துட்டுப் போங்க" என்பாள். அதுவரை தாத்தா கழுந்தைத் துளையில் ஏற்றாமல் காத்திருப்பார். ஆள் வராத நாட்களில் பெரிய ரம்பத்தின் மறுமுனையில் அவளேதான். அவள் கை வலித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, வலித்திருக்கும். ஆயுத பூஜைக்கு உளி, இழைப்புளி, மூலமட்டம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வஜ்ஜிரச் சட்டிக்கு வைத்ததில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உளிக்காரன்

பொருநைக்கரை ஐயா கேட்ட குறிகள் பற்றி. நான் இப்போதும் இதே வேலையில் இருக்கிறேன். கையால் வெட்டும்போது நாலு மூலையும் ஒரே அளவாக வராது, மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் ஒவ்வொரு கழுந்தையும் அதற்குரிய துளையிலேயே பொருத்திப் பார்த்துச் சீவுவோம். கழற்றி மாட்டும்போது மாறக் கூடாது என்பதற்குத்தான் கோடு. புள்ளி வைத்தது அநேகமாக இடம் வலம் பிரிப்பதற்கு. பென்சில் கோடு இழைக்கும்போது போய்விடும், உளி வெட்டு போகாது. எங்கேயும் மரத்தைச் செதுக்குபவன் கையில் இருப்பது உளிதான், அதனால் அந்த ராஜஸ்தான் தம்பிக்குப் புரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

திரும்ப மாட்டும்போது கவனியுங்கள். மர ஆணி போகும் துளை கழுந்தில் அதன் அடிப்பக்கமாக ஓர் அரிசி அளவு தள்ளி இருக்கும். தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து யாராவது டிரில் போட்டு நேராக்கிவிடப் போகிறார்கள். அப்படித் தள்ளி இருந்தால்தான் ஆணி உள்ளே போகப் போகக் கழுந்தை இழுத்து இறுக்கும். பழைய ஆணிகளைத் தூக்கிப் போடாதீர்கள், உடைந்திருந்தாலும் அளவுக்கு வேண்டும். புது ஆணி நன்றாகக் காய்ந்த கட்டையில் செய்யச் சொல்லுங்கள், பச்சை மரமென்றால் ஒரு கோடையில் சுருங்கிக் கழன்றுவிடும். குறிகளை ஒவ்வொரு மூலையாகப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.