ஜெபத்துக்குப் பதில் வராத காலத்தை எப்படிக் கடந்தீர்கள்? உங்கள் அனுபவங்கள்

பூண்டி பக்கத்திலிருந்து:

அப்பா எங்கள் ஊர் உபதேசியார். சாமியார் எப்போதாவதுதான் வருவார். சாவு வீட்டு ஜெபம், பிள்ளைகளுக்கு மந்திரம், அதாவது ஜெபங்கள், சொல்லிக்கொடுப்பது எல்லாம் அப்பாதான். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஊருக்கே ஜெபம் சொன்னவருக்குத் ‘தண்ணி’ என்று கேட்க வாய் வரவில்லை.

பூண்டி மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபமான நவநாள் செய்தோம். ஒன்றும் அசையவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான் இழுக்கும்” என்றார். அவருக்கும் காபி போட்டுத்தான் கொடுத்தேன். அப்புறம் எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. கோபம்கூட இல்லை, சொல்ல எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி பகலில் கோவிலைப் பெருக்கப் போயிருந்தேன். பீடத்தில் துணி இல்லை. நற்கருணை அப்பம் வைக்கும் பேழை காலியாகத் திறந்து கிடந்தது. வியாழன் இரவோடு மணியும் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் இரவு ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை அந்த ஒரு பகலை எதையும் போட்டு நிரப்பாமல் திருச்சபை அப்படியே விட்டுவைத்திருக்கிறதே என்று அன்றுதான் உறைத்தது. பைபிளில் திருப்பாடல் 88-உம் அப்படித்தான். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் யாரும் வெட்டி எறியவில்லை. சரி, என்னைப் போன்றவளுக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று தோன்றியது.

எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவினர், சாயங்காலம் வீட்டுக்கே வந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவர்கள் “அருள் நிறைந்த மரியே” என்று முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, கட்டிலிலிருந்து “புனித மரியே” என்று அப்பா குரல். குழறல்தான், ஆனால் கடைசி வரை சொன்னார். ஊரில் புதுமை, அற்புதம் என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்தவரோ, மூளையில் பேச்சுப் பகுதி அடிபட்டாலும் மனப்பாடமான ஜெபமும் பாட்டும் சிலருக்குத் தங்கிவிடும் என்றார். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் இன்றும் கையைத்தான் காட்டுகிறார்.

பொறையாறிலிருந்து:

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தை இல்லை. தரங்கம்பாடி பக்கத்தில் இருப்பதால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பற்றிக் கேட்டே வளர்ந்தோம். 1706 ஜூலை 9 கரை இறங்கினார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது என்று வெற்றியாகவே சொல்வார்கள். என் மனம் நிற்பது வேறு இடத்தில். 1708 கடைசியில் டேனிஷ் கவர்னர் அவரைக் கோட்டையில் அடைத்தார். சுமார் நான்கு மாதம். அடைத்ததும் கிறிஸ்தவர்தான்! பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்தவர், 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். மீதியைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். அவர் பார்க்கவில்லை. புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறைப் பக்கம் உட்கார்ந்தால், எல்லாவற்றையும் என் ஆயுசுக்குள் பார்த்துவிட வேண்டும் என்கிற பிடிவாதம் கொஞ்சம் தளர்கிறது. ஆசை போகவில்லை.

தலைஞாயிறிலிருந்து:

சகோதரிகளே, நான் கடைமடை விவசாயி, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்களுக்கு வர இன்னும் நாளாகும். பைபிளில் யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிற பயிரிடுகிறவன் வருகிறான். அதைப் பிரசங்கிப்பவர்கள் அவனைக் கையைக் கட்டி உட்காரவைத்துவிடுகிறார்கள். வயலில் இறங்காதவர்கள், பாவம். தண்ணீர் வருமுன்பே வாய்க்கால் தூர்வார வேண்டும், வரப்பு வெட்ட வேண்டும், விதைநெல் எலிக்குப் போகாமல் பார்க்க வேண்டும்.

என் மகன் சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போய்விட்டான். போன் எடுப்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புவேன். பசு கன்று போட்டது, நடவு முடிந்தது, இப்படி. ஜெபிக்கிறேன் என்று எழுதுவதில்லை, அவனுக்கு எரிச்சல் வரும். நீல டிக் விழுகிறது. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

நாகப்பட்டினத்திலிருந்து:

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. என் தங்கச்சியை அலை கொண்டுபோனது. “ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்” என்று சொன்னவர்கள் முகம் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் வினை. முகாமில் ஒரு அம்மா தினமும் வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். எந்த ஊர், எந்தச் சபை என்று தெரியாது. ஒரு வசனமும் சொல்லவில்லை. நான் மறுபடி கோவில் படி ஏறியது அந்த அம்மாவால்தான்.

ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் இல்லை. பூசைக்கும் போகிறேன்.

பூண்டி அக்கா, மே மாதத் திருவிழாவுக்கு அந்தப் பக்கம் வருவேன். ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டு ஜெபமாலைக்கு வரலாமா? அப்பாவுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.