மறு: பாடகர்–பாடலாசிரியர் என்பதற்கு ஒற்றைச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> தானே பாட்டமைத்துப் பாடுபவரைப் 'பாடகர்–பாடலாசிரியர்' என்றே விட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரிகிறது.

தவறாகவும் புரிகிறதே, ஐயா. நார்வேயின் பாப்–ஜாஸ் பாடகி சில்யே நேர்கோர் 2001இல் வெளியிட்ட 'அட் ஃபர்ஸ்ட் லைட்' இசைத்தொகுப்பைப் பற்றி எழுதும்போது அவரை அப்படிக் குறித்தால், வரிகள் அவருடையவை என்றே நம் வாசகர் எடுத்துக்கொள்வார். நமக்குப் பாடலாசிரியர் என்றால் வரி எழுதுபவர். மெட்டுப் போடுபவர் இசையமைப்பாளர். திரைப்பாடல் இந்தப் பிரிவினையை ஆழப் பதித்துவிட்டது. நேர்கோரின் வலிமையோ மெட்டில் இருக்கிறது. அத்தொகுப்பின் 'பி ஸ்டில் மை ஹார்ட்' பாடலுக்கு மெட்டு அவருடையது, வரிகள் மைக் மெக்கர்க் எழுதியவை. நேர்கோரின் வேறு பல ஆங்கிலப் பாடல்களும் இந்தக் கூட்டணியில் பிறந்தவையே.

பாப்பும் ஜாஸும் அத்தொகுப்பில் கலப்பதும் மெட்டின் வழியாகத்தான். ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வருகிற, பாப் பாட்டுக்குரிய தெளிவான மெட்டு. அதைத் தாங்கி நிற்பவை டோர்ட் குஸ்தாவ்சனின் பியானோ, ஹாரால்ட் யோன்சனின் பேஸ், யார்லே வெஸ்பெஸ்தாட்டின் டிரம்ஸ். குஸ்தாவ்சன் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்ததற்கு விரைவதில்லை. பாடகி மூச்சு விட இடம் கொடுக்கிறார். 2003இல் இசிஎம் என்ற இசைவெளியீட்டு நிறுவனம் வெளியிட்ட 'சேஞ்சிங் பிளேசஸ்' தொகுப்பில் இதே மூவரும் பாடகி இல்லாமல் தனியாக வாசித்தார்கள். அந்த நிதானத்தை நேர்கோருக்குப் பின்னால் அவர்கள் வாசித்ததிலேயே கேட்கலாம். இவ்வளவையும் தாங்கும் மெட்டு யாருடையது என்பதை நம் சொல் மறைக்கக் கூடாது.

> வாக்கேயக்காரர் என்ற சொல் இருக்கிறதே, அம்மா?

அருமையான சொல். தியாகராஜருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் வாக்கு (வரி), கேயம் (இசை) இரண்டும் ஒருவருடையதாக இருந்தால்தான் அது செல்லும். நேர்கோர் அங்கேயும் வெளியே நிற்கிறார்.

பிறமொழிகளையும் பார்த்தேன். இத்தாலியர் பாடகர், ஆசிரியர் என்ற இரு சொற்களை உருக்கிக் 'கந்தவுத்தோரே' என்கிறார்கள். நார்வேயில் 'வீசெ' என்னும் எளிய பாட்டு மரபிலிருந்து வந்த 'வீசெசாங்கர்' ஆல்ஃப் புரொய்சன் போன்றவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஜாஸ் பக்கம் சாய்ந்த நேர்கோருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

என் பரிந்துரை: புனைபாடகர், பெண்பாலில் புனைபாடகி. வினைத்தொகை. வரியா மெட்டா என்று கட்டுப்படுத்தாமல், பாட்டை ஆக்குவதில் பாடுபவருக்குப் பங்குண்டு என்று மட்டும் சொல்கிறது. புனைகதை, புனைபெயர் இவற்றால் 'இல்லாததைச் சொல்வது' என்ற சாயல் வரும் என்று சிலர் தயங்கலாம். புனைதலின் பொருள் அவ்வளவு குறுகியதல்ல. நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்பது வண்ணம் தீட்டப்படாத ஓவியம். அங்கே பொய்க்கு இடமே இல்லை. அழகுபட ஆக்குதல் என்ற அந்தப் பழைய பொருளை மீட்டெடுக்க இது நல்ல வாய்ப்பு.

'நார்வேப் புனைபாடகி சில்யே நேர்கோரின் பாப்–ஜாஸ் தொகுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். தடையில்லாமல் வாசிக்க முடிகிறது. பாப், ஜாஸ் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். மாற்றுச் சொல் தருபவர்கள், வரியும் மெட்டும் தாமே ஆக்குபவருக்கும் மெட்டு மட்டும் ஆக்குபவருக்கும் அது ஒருசேரப் பொருந்துகிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.