உதவி: பொம்மைக்குக் கேப்னோகிராஃப் கோடு வருவதில்லை, டேப்லெட்டும் இணைய மாட்டேன் என்கிறது

மயக்கவியல்_மேடம்:
எங்கள் துறையில் ஏர்வே பயிற்சிக்கு இருப்பது சாதாரண இன்ட்யூபேஷன் பொம்மை, அதாவது மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பழகும் பொம்மை. நுரையீரல் பை விரியும், சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) விடாது. நிஜ மானிட்டரை மாட்டினால் டியூப் சரியாகப் போனாலும், வெளிமூச்சின் சிஓடூவைக் காட்டும் கேப்னோகிராஃப் கோடு படுத்தே கிடக்கும். "கோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். போன வாரம் வேண்டுமென்றே உணவுக்குழாயில் டியூப்பை வைத்துக் கொடுத்தேன். பிஜி (முதுநிலை) மாணவர் ஆம்பு பையை, அதாவது கையால் காற்றுத் தள்ளும் பையை, அமுக்கிக்கொண்டே இருந்தார். கோடு இல்லையே என்றேன். "பொம்மைக்கு வராதே மேடம்" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போச்சு.

அதனால் மானிட்டர் போலவே காட்டும் செயலியை இரண்டு டேப்லெட்டில் போட்டேன். ஒன்று மாணவர் பார்க்க, இன்னொன்று நான் எண்களை மாற்ற. வீட்டில் ஓடியது. கல்லூரி வைஃபையில் "சாதனம் கிடைக்கவில்லை". ரீஸ்டார்ட், ரீஇன்ஸ்டால் எல்லாம் பார்த்தாயிற்று.

வயர்_வாத்தியார்:
இரண்டிலும் இன்டர்நெட் வருகிறதா மேடம்?

மயக்கவியல்_மேடம்:
வருகிறது சார், யூடியூப்கூட ஓடுகிறது.

வயர்_வாத்தியார்:
அப்போ டேப்லெட்டைக் குறை சொல்ல வேண்டாம். பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுத்திருப்பார்கள், கிளையன்ட் ஐசோலேஷன் என்று பெயர். பாதுகாப்புக்காக வைப்பது, அதற்காக ஐடி ஆட்களிடம் மல்லுக்கட்டாதீர்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் சேருங்கள். ஐபேட் என்றால் செயலிக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் தடவை கேட்கும்போது "வேண்டாம்" அமுக்கிவிட்டுப் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

ஓடி_பழசு:
இணைந்த பிறகு நீங்கள் எண்களை எப்படி மாற்றுகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. டியூப் உணவுக்குழாயில் போனதும் பலர் சாச்சுரேஷனையும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) சேர்த்தே இறக்கிவிடுகிறார்கள். முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் கொடுத்த ஆளுக்கு அது சில நிமிடம் 100-ஐ ஒட்டியே நிற்கும். நிஜத்தில் ஆளை ஏமாற்றுவது அந்த எண்தான், பயிற்சியிலும் ஏமாற்றட்டும். சிஓடூவையும் எடுத்த எடுப்பில் பூஜ்யமாக்காதீர்கள். மாஸ்க்கில் பை அமுக்கும்போது வயிற்றுக்குள் போன காற்றால் முதல் சில மூச்சுக்குச் சின்ன அலை வந்து தேயும். ஏழு மூச்சு தாண்டியும் அலை தேயாமல் நிற்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "அரெஸ்ட் ஆனதால் (இதயம் நின்றதால்) கோடு இல்லை" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சிபிஆரில் நெஞ்சை அமுக்கும்போது குட்டியாகவாவது அலை இருக்கும். அறவே இல்லை என்றால் முதல் சந்தேகம் டியூப்மேல்தான்.

மயக்கவியல்_மேடம்:
ஹாட்ஸ்பாட்டில் உடனே இணைந்துவிட்டது, நன்றி சார். இன்று அதே பிஜியை நிற்கவைத்தேன். சாச்சுரேஷன் 99, அலை தேய்கிறது. வாய்விட்டு எண்ணினார், ஏழில் டியூப்பை உருவிவிட்டு மாஸ்க்கை எடுத்தார். இரண்டாவது ரவுண்டில் மாணவர் பக்க டேப்லெட் ஸ்க்ரீன் அணைந்துவிட்டது. டைம்அவுட்டை மாற்ற மறந்திருக்கிறேன். அவர் அதற்கும் டியூப்பை உருவப் போனார்.