புதுப்பிப்பு: முதல் ரீலோடிங் பிரஸ் வாங்கியாச்சு

டெக்சாஸில் இருக்கும் தம்பி, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து அடைத்துத் தோட்டாவாக்க முதல் பிரஸ் (நெம்புகோலால் அழுத்தும் கருவி) வாங்குகிறான், எது சரி என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிறையப் பேர், நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் பல வேலை சேர்ந்து நடக்கும் புரோகிரசிவ் பிரஸைச் சொன்னீர்கள். கடைசியில் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ்தான் வாங்கினான். புதியவனுக்கு வேகம் எதற்கு? ஒவ்வொரு கூட்டையும் பார்க்க நேரம்தான் வேண்டும்.

நான் எதிர்பார்க்காத யோசனை மாமாவிடமிருந்து வந்தது. மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருப்பவர். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள், ஒரு கிரெய்ன் 0.0648 கிராம் என்றதும், "அட, அரைக் குந்துமணி அளவுதான் மாப்ளே! பிரஸ்ஸுல வேணா மிச்சம் பிடி, தராசுல பிடிக்காதே. சரிபார்க்க எடைக்கல்லும் வாங்கச் சொல்லு" என்றார். அப்படியே வாங்கினான். ஃபேனை அணைத்துவிட்டு நிறுக்க வேண்டும் என்பதும் மாமா சொன்னதுதான்.

கூட்டை வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சுகளான டை செட், கூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர், நீளம் அளக்க வெர்னியர், எதற்கு எவ்வளவு மருந்து என்று அச்சிட்ட அளவுப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டன. பிஸ்டல் கூடுகளுக்கு மிகக் கடினமான கார்பைடில் செய்த டை. கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலை இல்லை.

அப்புறம், மதுரையில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.