பெட்டகத்தில் இருக்கும் கடுதாசிகள்: வாசகர் வட்டக் குழு

நூலகர் அம்மா: அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கான கோடை முகாம் நன்றாகப் போகிறது. கதை சொல்லல், சதுரங்கம், ஓவியம் எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பெரியவர்களையும் சேர்த்து ஒரு நிகழ்ச்சி வைக்க ஆசை. யோசனை சொல்லுங்கள். வெள்ளி விடுமுறை, அதனால் வியாழனுக்குள் முடிவானால் வாசல் பலகையில் எழுதிவிடுவேன்.

டீச்சர் அக்கா: அம்மா, என்னிடம் ஒன்று இருக்கிறது. போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தார்கள். தேக்குக் கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போயின, சரி, அதற்கு விலை இருக்கிறது. ஆனால் ஒரு ட்ரங்க் பெட்டி நிறைய இருந்த கடுதாசிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஓடிப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கீழே கிடந்த ஒரே ஒரு தாளைத்தான் எடுக்க முடிந்தது. பர்மாவில் இரங்கூனிலிருந்து வீட்டுக்கு எழுதியது. உண்டியலில், அதாவது அந்தக் காலத்துப் பணச் சீட்டில், பணம் அனுப்பியிருக்கிறேன் என்று இரண்டு வரி, அப்புறம் "ஊருணி பெருகியதா, மாடு கன்று போட்டதா" என்று ஒரு பக்கம். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறன்று அவரவர் வீட்டுப் பழைய கடுதாசியைக் கொண்டுவந்து வாசிக்கலாமா?

மளிகைக்கடை அண்ணன்: நல்ல யோசனை டீச்சர். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பதை எனக்கே வாசிக்கத் தெரியாது. புள்ளி கிடையாது, ஒரு வார்த்தை எங்கே முடிகிறது என்று தெரியாது.

டீச்சர் அக்கா: அதற்குத்தான் பெரியவர்கள் வேண்டும் அண்ணே. அந்தத் தாளில் தமிழ் எண்ணில் ௨௫ என்று இருந்தது, ஏழாம் வகுப்புப் பையன் "உரு" என்று வாசித்தான், அவன் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. எங்கள் அப்பத்தா அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்து "இருபத்தஞ்சு ரூபாடா" என்றார். அப்படியே உட்கார்ந்து அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பழைய பின்னக் கணக்கைக் கடகடவென்று சொன்னார். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கணக்கு டீச்சர் நான், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் மறுநாள் இரண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு அப்பத்தாவைத் தேடி வந்துவிட்டான்.

மேலவீட்டு ஆச்சி: பேத்தி தட்டித் தருகிறாள். டீச்சர், நீ சொல்வது நல்லதுதான் தாயி. ஆனால் கடுதாசியில் வீட்டு விஷயம் எல்லாம் இருக்குமே. யார் யாருக்குக் கடன்பட்டார்கள், சீர் எவ்வளவு செய்தார்கள், பங்காளி மனத்தாங்கல் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஊர் கூடி வாசிக்கவா?

நூலகர் அம்மா: ஆச்சி கேட்பது முக்கியமான கேள்வி. எதை வாசிப்பது என்று அந்தந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாத பக்கத்தைக் கொண்டுவரவே வேண்டாம். கொண்டுவருவதை அன்றைக்கே கையோடு வாங்கிப் போய்விடலாம், நூலகத்தில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். சம்மதம் சொன்னவர்களின் தாளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, படத்தையும் அவர்களுக்கே அனுப்பிவிடுவோம்.

மளிகைக்கடை அண்ணன்: கூட்டத்துக்கு இடம் போதுமா? வாடகை ஏதும் உண்டா?

நூலகர் அம்மா: வாடகையா அண்ணே? வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று 10 சதவீதம் சேர்ந்திருக்கும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நீங்கள் கட்டுவது. இது உங்கள் இடம். நாற்காலி மட்டும் பத்துப் பதினைந்து குறைகிறது.

மளிகைக்கடை அண்ணன்: நாற்காலி என் பொறுப்பு.

சிங்கப்பூர் தம்பி: இங்கிருந்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஞாயிறு வர முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை எல்லோரும் நினைக்க வேண்டும். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். தயவுசெய்து யாரும் எடைக்குப் போடாதீர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சள் கறை ஏறிவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

டீச்சர் அக்கா: வெயிலில் காயப்போடவும் கூடாது. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் போட்டால் போதும் என்று அப்பத்தா சொல்லச் சொன்னார்.

குரூப் 4 படிக்கும் தங்கச்சி: நாங்கள் ஆறு பேர் காலையில் நூலகத்தில்தான் படித்துக்கொண்டிருப்போம். பெரியவர்கள் வாசிக்க வாசிக்க நோட்டில் எழுதித் தருகிறோம். கை வேகமாக ஓடும், பழக்கம்தான்.

மளிகைக்கடை அண்ணன்: பலகாரம்? வீட்டில் சீப்புச் சீடை செய்து தருகிறேன் என்கிறார்கள்.

நூலகர் அம்மா: மிக்க நன்றி அண்ணே, ஆனால் வாசித்து முடித்த பிறகு, வெளித்திண்ணையில். எண்ணெய்க் கை தாளில் பட்டால் போகவே போகாது.

மேலவீட்டு ஆச்சி: டீச்சர், இப்போதுதான் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னேன். கடுதாசி ஒரு கட்டு இருக்கிறது, மேலே இருப்பது அப்பச்சி எழுத்து, எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். விக்கிரம வருடம் மாசி மாதம் என்று போட்டிருக்கிறது.

டீச்சர் அக்கா: ஆச்சி, விக்கிரம மாசி என்றால் 1941 பிப்ரவரி, மார்ச் வாக்கில். அந்த வருடம் டிசம்பரில்தான் இரங்கூனில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டார்கள். அதற்கு முன்னால் எழுதியிருக்கிறார்.

மேலவீட்டு ஆச்சி: ஆமாம், அப்பச்சி பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். அதைப் பற்றி எங்களிடம் பேசவே மாட்டார். இதில் "சின்னவள் எழுந்து நிற்கிறாளா, பிடித்துக்கொண்டு நடக்கிறாளா, எழுதவும்" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சின்னவள் என் அக்கா. நான் பிறக்கவே இல்லை அப்போது. அக்கா தேவகோட்டையில் இருக்கிறாள், இந்தக் கடுதாசியை அவள் பார்த்ததே இல்லை. ஞாயிறு காலை ஆட்டோ வைத்துக் கூட்டி வருகிறேன். படி ஏறுவாள், யாராவது கை கொடுக்க வேண்டும்.

குரூப் 4 படிக்கும் தங்கச்சி: நாங்கள் வாசலிலேயே நிற்கிறோம் ஆச்சி.

நூலகர் அம்மா: கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு இருக்கிறது, ஜன்னல் ஓரமாகப் போட்டு வைக்கிறேன். பலகையில் இப்போதே எழுதிவிடுகிறேன்.